நலம் நாடி: உட்புகுந்தது வெளிவருமா?

இத்திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்றை முதற்கண் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர் நம் சங்கத்து உறுப்பினரான அம்மையார் ஒருவர். தாயாரின் மறைவுக்குப் பின், தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தம் தந்தையாரை இந்நகருக்கு அழைத்துவந்து உடன் வைத்துப் பேணிவருகிறார். எழுபத்தாறு அகவை நிரம்பிய அப்பெரியவருக்குச் சில திங்களாக மறதி மிகுந்துள்ளது. மாலை உலாவச் சென்றவர், வீடு திரும்பும் வழியறியாமல், மொழியும் தெரியாத இவ்வூரின் தெருமுனையில் இருமுறை திகைத்து நின்றிருந்தாராம். மூளையை எம்.ஆர்.ஐ. முறையில் படமெடுத்தல் வேண்டும் என்றும், தேவைப்படின் படம் தெளிவாக விழும்பொருட்டு ஊசிவழியே ஒரு மருந்து செலுத்தப்பெறும் என்றும் மருத்துவர் கூறினார். அதற்குள், உறவினர் குழுவொன்றின் வழியே கைப்பேசியில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. மருத்துவமனைகளில் செலுத்தப்பெறும் நானோ துகள்கள் மூளைக்குள் புகுந்து அதனை அரித்துவிடும் என்பது அச்செய்தி. பெரியவர் படமெடுக்க இசையேன் என்று கூறிவிட்டார். மகளார் செய்வதறியாமல் நமக்கு எழுதினார்.

கையெழுத்திட்ட பின்னர், மடலின் அடியில் இரண்டு வரிகள் சேர்த்திருந்தார். நினைவாற்றல் பெருகும் என்று ஒரு முகவர் சொல்லி விற்ற 'நானோ வெள்ளி நீர்' என்பதனைத் தந்தையார் பத்துத் திங்களாகக் காலையும் மாலையும் ஒவ்வொரு மூடி அருந்திவருகிறார். அதனைத் தொடரலாமா என்பது கேள்வி.

மேலே இருந்த பெரிய கேள்வியைவிட அடியில் இருந்த இச்சிறிய கேள்வியே நமக்குக் கவலை தந்தது. ஏன் என்பதனைச் சொல்லுமுன், இத்துகள்களைப் பற்றியும் மூளையின் காவலைப் பற்றியும் சிறிது அறிந்துகொள்ளல் நன்று.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூறே நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு 7,000க்கு மேல். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே பொதுவாக நானோ துகள்கள் என்பர். சிறுமை மட்டுமே இவற்றின் சிறப்பன்று. கற்கண்டுக் கட்டி வாயில் நெடுநேரம் நிற்கிறது. அதனையே பொடித்து இட்டால் நொடியிற் கரைகிறது. பொருள் ஒன்றே; நீர் தொடும் மேற்பரப்புத்தான் மிகுந்தது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பத்து நானோமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நாம் இந்நகரில் குடியிருக்கும் 650 சதுர அடி வீடுகள் பத்தின் தரைப்பரப்பு அது! ஒரு சர்க்கரைக் கட்டியளவுப் பொருள் உடலின் அணுக்களைத் தொட்டு வினைபுரிய இத்துணைப் பரப்பைப் பெற்றுவிடுகிறது. துகளின் நன்மையும் தீமையும் இங்கிருந்தே பிறக்கின்றன.

இனி மூளையின் காவல். 1885-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் விலங்குகளின் இரத்தத்திற் சாயங்களைச் செலுத்திப் பார்த்தார். உடலின் உறுப்புகள் நிறமேறின. மூளை மட்டும் வெண்மையாகவே நின்றது. மூளைக்குச் சாயத்தைப் பற்றும் இயல்பில்லை போலும் என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதே சோதனையைத் தலைகீழாகச் செய்தார். சாயத்தை இரத்தத்திற் செலுத்தாமல், மூளையைச் சூழ்ந்துள்ள நீரிற் செலுத்தினார். இம்முறை மூளை நீலமாயிற்று. உடலின் ஏனைப் பகுதிகள் நிறமேறவில்லை. ஆகவே குறை பற்றும் இயல்பில் இல்லை, இடையே ஒரு மதில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. ஆசிரியர் தவறிய இடத்தில் மாணவர் வழிகண்டார். அறிவியலில் இது குருவை இகழ்தலாகாது. அம்மதில் எங்கே உள்ளது என்பதனை 1967-இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்னும் இருவர் மின்னணு நுண்ணோக்கியாற் காட்டினர். மூளைக்குச் செல்லும் மயிரிழைக் குழாய்களின் உட்சுவரணுக்கள், பிற இடங்களிற் போல இடைவெளி விட்டு நில்லாமல், ஒன்றோடொன்று இறுகத் தைத்தாற்போல் இணைந்துள்ளன. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளமென மதிப்பிடப்பெறும் அக்குழாய்கள் முழுவதும் இக்காவல் அமைந்திருக்கிறது.

இக்காவல் நமக்கு அரண்; மருத்துவர்க்கோ இடையூறு. மூளையிற் புற்று வளர்ந்தாலும் நரம்பணுக்கள் நலிந்தாலும், குடலும் இரத்தமும் ஏற்கும் மருந்துகளிற் பெரும்பாலானவை இவ்வாயிலில் நின்றுவிடுகின்றன. ஆதலின், மருந்தை ஒரு நுண்துகளுள் வைத்து, மாறுவேடம் பூட்டி உள்ளே அனுப்பலாமா என்று அறிஞர் எண்ணினர். 1995-இல் யோர்க் கிராய்ட்டர் என்பாரும் அவர்தம் குழுவினரும், தானாக மூளைக்குள் நுழையாத ஒரு மருந்தைத் துகள்களில் ஏற்றி, அத்துகள்களுக்குப் பாலிசார்பேட் 80 என்னும் பொருளைப் பூசி, எலிகளுக்குச் செலுத்தினர். மருந்து மூளையில் வேலைசெய்தது. பனிக்கூழ் முதலிய உணவுகளிலும் சேர்க்கப்பெறும் அப்பூச்சு, இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பேந்திப் புரதமொன்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. வாயிற்காப்போன் கொழுப்பு வந்தது என்று கருதி உள்ளே விடுகின்றான் என்பதே அவர்கள் கூறிய விளக்கம்.

நண்பனுக்குத் திறக்கும் கதவு பகைவனுக்கும் திறக்கும் அன்றோ? ஆகவே அச்சத்திற்கு இடமில்லை என்று நாம் எழுதமாட்டோம். மூளை உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆயினும் உடல் கொள்ளும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் அணுக்களிற் கொழுப்பு மிகுதி. துகளின் பரந்த மேற்பரப்பிற் பிறக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் அக்கொழுப்பைச் சிக்கெடுக்கச் செய்யும், பழைய எண்ணெய் காறுவது போல. மூளையின் காவலணுக்கள் விழுங்கிச் செரிக்க இயலாத துகளைக் கண்டால் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். தோலும் குடலும் போலன்றி, நரம்பணுக்கள் இறந்தபின் புதியன தோன்றுதல் அரிது. மேலும், இரத்தவழி மட்டுமே வழியன்று. 2004-இல் குந்தர் ஓபர்டோர்ஸ்டர் என்பார் எலிகளை மிகநுண்ணிய கரித்துகள்களைச் சுவாசிக்கச் செய்து, அவை மூக்கின் நரம்புவழி ஏறி மூளையின் மணநுகர் பகுதியை அடைந்தமையைக் காட்டினார். எலிகளின் மூக்கிலிட்ட டைட்டானியம் டை ஆக்சைடுத் துகள்கள் நினைவுக்குரிய மூளைப்பகுதி வரை சென்று ஊறு செய்ததனைச் சீன ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டனர்.

ஆனால், இச்செய்திகளைப் படிக்கும் முறை ஒன்றுண்டு. மேற்கூறிய ஓபர்டோர்ஸ்டரின் மகளார் ஈவா என்பவர், அதே 2004-ஆம் ஆண்டில், ஃபுல்லரீன் என்னும் கரிப்பந்துத் துகள்கள் கலந்த நீரில் மீன்களை 48 மணிநேரம் விட்டு, அவற்றின் மூளைக் கொழுப்பு கெட்டிருந்தமையைக் கண்டார். உலகெங்கும் அச்செய்தி பரவிற்று. மூன்றாண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அத்தகைய கலவையின் நச்சுத்தன்மைக்குக் காரணம் ஃபுல்லரீன் அன்று, அதனைக் கரைப்பதற்குப் பயன்பட்ட கரைப்பானின் சிதைவுப்பொருள்கள் என்று சிறுமீன்களில் தெரியவந்தது. முதற்செய்தியைக் கேட்டோர் பலர்; இரண்டாவதனைக் கேட்டோர் சிலரே. கைப்பேசியில் வலம்வருபவை பெரும்பாலும் இத்தகைய முதற்செய்திகள்தாம்.

மனிதர்பால் நிகழ்ந்த மெய்யான கதை ஒன்றுண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். லிஸ்பன் நகர மருத்துவர் எகாஸ் மோனிஷ் 1927-இல் மூளையின் இரத்தக்குழாய்களை எக்ஸ் கதிராற் படமெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். குழாய்கள் படத்தில் தெரிவதற்கு ஒரு பொருளை இரத்தத்திற் செலுத்த வேண்டும். முதலிற் பயன்பட்ட உப்புகள் நோயாளிகளை வருத்தின. 1930-களின் தொடக்கத்தில் தோரோட்ராஸ்ட் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அது தோரியம் டை ஆக்சைடின் நுண்துகள் நீரில் மிதக்கும் கூழ்மம். நானோ என்னும் சொல் மருத்துவத்தில் வழங்காத காலம்; ஆயினும் அத்துகள்கள் சில நானோமீட்டர் அளவினவே. (கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலுள்ள மோனசைட்டில் அடங்கியிருப்பதும் இத்தோரியமே.) படங்கள் வியக்கத்தக்க தெளிவுடன் விழுந்தன. செலுத்தப்பெற்றவர் வலியின்றி எழுந்து வீடு சென்றார். மருத்துவருக்கும் மகிழ்ச்சி, நோயாளிக்கும் மகிழ்ச்சி.

துகள்கள் மட்டும் வெளியேறவில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் தங்கி, நாள்தோறும் ஆல்பா கதிரை வீசிக்கொண்டிருந்தன. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறைய 1400 கோடி ஆண்டு வேண்டும். மனிதன் எத்தனை பிறவி எடுப்பது? இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து, ஊசியையே மறந்துவிட்டவர்களுக்குக் கல்லீரற் புற்று தோன்றிற்று. 1950-களில் அம்மருந்து கைவிடப்பட்டது. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் முதலிய நாடுகளில் அதனைப் பெற்றவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து கணக்கெடுத்தனர். மூளையைப் பார்க்கச் செலுத்தியது கல்லீரலைக் கெடுத்தது என்பதனையும் நோக்குக. துகள் நாம் அனுப்பிய இடத்தில் நிற்கும் என்பது உறுதியன்று.

எனவே எந்தத் துகளைப் பற்றியும் நாம் முதலிற் கேட்கவேண்டுவது, உட்புகுந்தது வெளிவருமா, வராவிடின் உடல் அதனைச் சிதைத்துப் பயன்கொள்ளுமா என்பதே. இக்கேள்வியைக் கையிற் கொண்டு பார்த்தால், 'நானோ' என்னும் ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு குலத்தவர் அடங்கியிருத்தல் விளங்கும். இரத்தசோகையுற்ற கருவுற்ற மகளிர்க்கு நம் நாட்டு மருத்துவமனைகளில் ஊசிவழி செலுத்தும் இரும்பு மருந்தும், சர்க்கரைப் பொருள் போர்த்த நுண்துகள்தான். அவ்விரும்பை உடல் பிரித்தெடுத்து இரத்தச் செம்பொருளாக்கிக்கொள்கிறது. 1995 முதல் அமெரிக்காவில் வழங்கும் டாக்சில் என்னும் புற்றுமருந்து கொழுப்புக் குமிழிக்குள் அடைக்கப்பட்டது. அக்குமிழி உடலிற் கரைந்துபோகும். கொரோனாத் தடுப்பூசிகளிலும் கொழுப்புத் துகள் உடையவை உண்டு. ஆயினும் நம் நாட்டில் மிகப்பெரும்பாலோர் பெற்ற கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரண்டிலும் அவை இல்லை. இச்செய்தியைக் கேட்டுச் சிலர் ஆறுதலடையலாம், சிலர் ஏமாற்றமும் அடையலாம்! தங்கம், வெள்ளி, டைட்டானியம் போன்ற கரையாத அல்லது மெல்லக் கரையும் துகள்களே கேள்விக்கு எளிதில் விடைதராதவை. இவ்வகை மருந்துகளைச் சோதித்து ஏற்பதற்கென 2019-இல் இந்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை நெறிமுறைகளை வெளியிட்டுள்ளது.

அம்மையாரின் முதற்கேள்விக்கு வருவோம். எம்.ஆர்.ஐ. படத்திற்குச் செலுத்தும் மருந்து பெரும்பாலும் கடோலினியம் என்னும் உலோகம் அடங்கியது. அது துகளன்று, உலோக அணுவை ஒரு கூட்டினுள் பிடித்துவைத்த மூலக்கூறு. சிறுநீர்வழி வெளியேறுமாறு அமைக்கப்பட்டது. முழுவதும் வெளியேறிவிடுகிறது என்றே நெடுங்காலம் நம்பினர். 2014-இல் ஜப்பானிய மருத்துவர் கண்டாவும் உடனிருந்தோரும், பலமுறை இம்மருந்து பெற்றவர்களின் மூளையிற் சில பகுதிகள் படத்தில் ஒளிர்வதனைக் கண்டனர். மறு ஆண்டு, அமெரிக்காவில், இறந்தபின் ஆராயப்பெற்ற மூளைகளிற் கடோலினியம் தங்கியிருத்தல் மெய்ப்பிக்கப்பட்டது. நீள்வடிவக் கூடுடைய மருந்துகளினின்று மிகுதியாகவும், வளையக் கூடுடையவற்றினின்று குறைவாகவும் அது தங்குகிறது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் நீள்வடிவக் கூடுடையவற்றுட் பலவற்றை நிறுத்திவைத்தது. கல்லீரற் படத்திற்கென இரண்டை மட்டும் விட்டுவைத்தது. அமெரிக்க அமைப்போ அவ்வாண்டே எச்சரிக்கை வாசகத்தைச் சேர்க்கச் செய்ததோடு நின்றது. சிறுநீரகம் செவ்வனே இயங்குவோர்க்கு இங்ஙனம் மூளையில் தங்கியதால் விளைந்த தீங்கு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே இவ்விரு முடிவுகளுக்கும் பொதுவான கருத்து. சிறுநீரகம் பழுதுற்றோர்க்குப் பழைய வகை மருந்துகளால் தோலும் தசையும் இறுகும் கொடுநோய் நேர்ந்ததுண்டு.

ஆகவே பெரியவர் வினவவேண்டுவன சில உள. மறதிக்கு எடுக்கும் படத்திற்கு ஊசிமருந்து பலவேளை தேவைப்படுவதே இல்லை. தமக்குத் தேவைதானா என்று கேட்கலாம். தேவையெனின், வளையக் கூடுடையதாகத் தருமாறு வேண்டலாம். சிறுநீரகத்தின் நிலையறியும் இரத்தச் சோதனையை முன்னரே செய்துகொள்ளலாம். படத்தையே மறுத்தல் மட்டும் ஆகாது. முதியவர்கள் தலையில் சிறிது இடித்துக்கொண்டாலும், மூளையின் மேலுறைக்கடியில் இரத்தம் வாரக்கணக்கில் மெல்லக் கசிந்து தேங்கி, மறதியாகவும் தடுமாற்றமாகவும் வெளிப்படுதல் உண்டு. அதனைப் படத்தாற் கண்டு நீக்கினால் மனிதர் பழைய நிலைக்கு மீள்வர். மூளைநீர் பெருகுதலும், சில கட்டிகளும் அத்தகையனவே. காணாமல் விட்டால் முதுமையின் மறதி என்றே முடிந்துவிடும்.

இனி அந்தப் புட்டி. வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு. தீப்புண்ணுக்கு மேற்பூச்சாக மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அதனை உட்கொள்ளுதல் வேறு. அமெரிக்க அரசின் உணவு, மருந்து அமைப்பு, கூழ்ம வெள்ளி கலந்த கடைமருந்துகள் பாதுகாப்பானவையுமல்ல, பயனுடையனவுமல்ல என்று 1999-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. நெடுநாள் அருந்தினால் தோல் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறமாகும். அந்நிறம் தானாக நீங்குவதில்லை. 2004-இல் நரம்பியல் ஏடொன்றில் வெளிவந்த ஒரு நோயாளியின் வரலாறு இதனினும் கொடியது. 71 அகவையுடைய ஒருவர் நான்கு திங்கள் நாள்தோறும் கூழ்ம வெள்ளி அருந்தினார். ஓயாத வலிப்பு அவரைப் பற்றியது. இரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் வெள்ளி மிகுந்திருந்தது. மருத்துவம் செய்தும் நினைவு மீளாமலே ஐந்து திங்களுக்கு மேற் கிடந்து இறந்தார். ஒருவர் வரலாற்றைக்கொண்டு எல்லார்க்கும் விதி வகுத்தல் தகாது என்பதனை அறிவோம். பெரியவரின் மறதிக்கு இந்நீரே காரணம் என்றும் நாம் சொல்லவில்லை. ஆயினும், மறதிக்கென்று அருந்தும் ஒன்று மூளைக்கே ஊறு விளைத்தமைக்குச் சான்றிருக்கையில், அதனை இன்னொரு நாளும் அருந்தவேண்டா என்பதே நம் கருத்து. புட்டியை மருத்துவரிடம் காட்டுதலும் இன்றியமையாதது. உணவு, மருந்து எவை என்று மருத்துவர் கேட்கும்போது, நம்மவர் பலர் இத்தகையவற்றை மருந்தென்றே கருதாமற் சொல்லாது விட்டுவிடுகின்றனர்.

குழந்தைக்கு வெள்ளிச் சங்கிற் பால் புகட்டிய குலம் அன்றோ நாம் என்று அம்முகவர் கேட்டாராம். சங்கு கட்டியான உலோகம். பாலிற் கரைவது மிகச் சிறிதே. மேலே சொன்ன பத்து வீட்டுப் பரப்பை நினைவுகூர்ந்தால், சங்குக்கும் நீருக்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

நம்மவர் ஊரிலிருந்து கொண்டுவரும் பற்பம், செந்தூரம் பற்றியும் ஒரு சொல். புடமிட்டு நீற்றிய அவற்றில் நானோ அளவுத் துகள்கள் உண்டென்பதனை ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. நம் சித்த மருத்துவத்தின்பால் நமக்குப் பற்று உண்டு. எனினும் பற்று வேறு, சோதனை வேறு. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-இல் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தமை 2004-இல் தெரியவந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. தகுதிபெற்ற சித்த மருத்துவர் நோயறிந்து தந்தாலன்றி, உரிமமும் தயாரித்த இடமும் குறியாத பொட்டலங்களைப் பிள்ளைகளுக்குத் தேனிற் குழைத்துக் கொடுத்தல் வேண்டா.

இவ்விடையின் சுருக்கத்தை அம்மையாருக்கு முன்னரே தனிமடலில் எழுதிவிட்டோம். இப்பகுதி அச்சுக்குச் செல்லும் வேளையில் அவர் தொலைபேசியிற் பேசினார். படமெடுக்க வரும் வெள்ளியன்று நாள் குறித்துள்ளனர். ஊசி இப்பொழுது வேண்டா என்று மருத்துவரே சொல்லிவிட்டாராம். வெள்ளி நீர் நின்றுவிட்டது. பெரியவர் புட்டியை உடன் எடுத்துவர இசைந்துள்ளார். ஆயினும், பாதிக்குமேல் மீந்திருக்கிறதே, பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே, அவனிடம் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வானா என்று நாளும் இருமுறை மகளைக் கேட்கிறாராம். அதனை மட்டும் அவர் மறக்கவில்லை.